வரைகலைப் படிப்பில் மென்பொருளைக் கழித்தால் மிஞ்சுவது

வரைகலை வடிவமைப்பைக் கல்லூரியில் சேர்ந்து படிக்க வேண்டுமா, மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டு நேரே வேலைக்குப் போய்விடலாமா என்று கேட்பவர்களிடம், மென்பொருளுக்காக மட்டும் என்றால் கல்லூரி தேவையில்லை என்றே நான் சொல்லிவருகிறேன். எங்கள் முதலாண்டுப் பாடத்தில் ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருள் இருந்தது. நாங்கள் படிப்பை முடிப்பதற்குள், 2007இல், இனி அது மேம்படுத்தப்படாது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆண்டில் வெகு மும்முரமாகக் கற்றுத்தந்த, இணைய அசைபடங்களுக்கான ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிவுக்கு வந்தது. இன்று திரை வடிவமைப்பில் பரவலாகப் புழங்கும் ஃபிக்மா, 2016இல்தான் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதை எங்களுக்கு எந்த ஆசிரியரும் சொல்லித்தந்திருக்க முடியாது. ஆகவே படித்த படிப்பு வேலையில் எதற்குப் பயன்பட்டது என்று கணக்குப் பார்க்கும்போதெல்லாம், மென்பொருள் வகுப்புகளைக் கழித்துவிட்டே பார்க்கிறேன். கழித்த பிறகும் மிஞ்சுவது கணிசமாகவே இருக்கிறது. கல்லூரிகளின் சேர்க்கை விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது வேறு செய்தி.

அச்சுக்கு முந்தைய ஆயத்த வேலைகளைச் செய்யும் ஒரு நிறுவனத்தில் தொடங்கி, மருந்துப் பெட்டிகள், புத்தகங்கள், செயலித் திரைகள் என்று என் வேலை மாறிவந்திருக்கிறது. இடையே சில காலம் ஃப்ரீலான்ஸராகவும் இருந்தேன். விளம்பரத் துறையிலும் அனிமேஷனிலும் இருப்பவர்களின் கணக்கு இதிலிருந்து வேறுபடக்கூடும்.

முதல் பருவத்தில் எங்களைக் கணினிப் பக்கமே விடவில்லை. கருப்புத் தாளைச் சதுரங்களாக நறுக்கி வெள்ளைத் தாளில் ஒட்டி, நெரிசல், தனிமை, சரிவு, தாங்குதல் ஆகியவற்றை அந்தச் சதுரங்களை மட்டுமே கொண்டு காட்டச் சொன்னார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தது கத்தரிக்கோல் பிடிக்கத்தானா என்று வகுப்பில் பலரும் முணுமுணுத்தோம். இந்தப் பயிற்சிகளின் பூர்வீகம் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி என்பது வடிவமைப்பு வரலாற்று வகுப்பில்தான் தெரிந்தது. வால்டர் குரோப்பியஸ் 1919இல் வைமார் நகரில் தொடங்கிய அந்தப் பள்ளியில், நெசவுக்குப் போகிறவரானாலும் அச்சுக்குப் போகிறவரானாலும் முதலில் யோஹான்னஸ் இட்டன் வகுத்த அடிப்படைப் பயிற்சியைக் கடக்க வேண்டும். பின்னாளில் அதை மொஹோய்-நாகியும் யோசெஃப் ஆல்பர்ஸும் நடத்தினார்கள். நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் பள்ளி மூடப்பட்டு ஆசிரியர்கள் வெவ்வேறு நாடுகளுக்குப் போனபோது இந்தப் பயிற்சி முறையும் அவர்களோடு போனது. பல கல்லூரிகளின் முதலாண்டு இன்றும் அதன் சாயலில்தான் இருக்கிறது.

அதன் பயன் பணியில் சேர்ந்த பிறகே எனக்கு விளங்கியது. ஒரே சாம்பல்நிறத் துண்டைக் கருப்பின் மேலும் வெள்ளையின் மேலும் வைத்தால் இரண்டு வெவ்வேறு சாம்பலாகத் தெரியும் என்பதை ஆல்பர்ஸ் வழிவந்த பயிற்சிகளில் கையாலேயே செய்து பார்த்திருந்தோம். எனவே, சிவப்பு மங்கலாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லும்போது, அவர் நிறுவனத்துக்கென்று வரையறுக்கப்பட்ட சிவப்பில் கைவைக்காமல், அதற்குப் பக்கத்தில் இருக்கும் நிறத்தை மாற்றிப்பார்க்கத் தோன்றுகிறது. லோகோவைப் பெரிதாக்கச் சொல்பவருக்கு அதைச் சுற்றியிருக்கும் நெரிசலைக் குறைத்துக் காட்டுவதும் இதே வகைதான். பல வேளைகளில் அவர் கேட்ட விளைவு அதிலேயே கிடைத்துவிடும். இவற்றை யாரும் எனக்குச் சூத்திரமாகச் சொல்லித்தரவில்லை. சதுரங்களை நகர்த்திக்கொண்டிருந்த நாள்களில் படிந்த பழக்கம் அது.

எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது எழுத்தமைப்புப் பாடம். 1957இல் வெளிவந்த இரண்டு எழுத்துருக்களை, பின்னர் ஹெல்வெட்டிகா என்று பெயர்பெற்ற ஒன்றையும் யூனிவர்ஸையும், பெரிய அளவில் அச்சிட்டுக் கொடுத்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் வரையச் சொன்னார்கள். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றே போல இருக்கும். வரைந்து பார்க்கும்போதுதான் ஒன்றில் 'ஆர்' எழுத்தின் கால் வளைந்து செங்குத்தாக இறங்குவதும், மற்றதில் நேர்க்கோடாகச் சாய்ந்து நீட்டிக்கொண்டு நிற்பதும் கண்ணில் படுகின்றன. அதற்குப் பிறகு வந்த ஒரு பயிற்சியை இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் கொடுக்கிறேன். ஒரு கூட்ட அறிவிப்பின் வாசகத்தை எடுத்துக்கொண்டு, ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே தடிமன் என்ற கட்டுப்பாட்டோடு, இடைவெளியை மட்டும் மாற்றி எது முக்கியம், எது துணைச்செய்தி என்பதைக் காட்ட வேண்டும். அது முடிந்த பிறகே தடிமனை மாற்ற அனுமதி, அதன் பிறகே அளவு, நிறம் கடைசியில். இப்படிச் செய்தவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும் ஆசை போய்விடுகிறது. மருந்துப் பெட்டி, கட்டணச் சீட்டு, விண்ணப்பப் படிவம், செயலியின் அமைப்புகள் பக்கம் என எதை எடுத்தாலும், படிப்பவர் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆனால் நாங்கள் படித்தது முழுக்க இலத்தீன் எழுத்துகளை வைத்துத்தான். தமிழில் பக்கம் அமைக்க வந்தபோது, கற்ற விதிகளை வைத்துக்கொள்ள முடியவில்லை, விதிகளுக்கு அடியில் இருந்த காரணங்களைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத் தலைப்புகளில் எல்லா எழுத்தையும் பெரிதாக்கிக் கிடைக்கும் வேறுபாட்டைத் தமிழில் தடிமனாலோ இடைவெளியாலோதான் கொண்டுவர வேண்டும். சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை. மென்பொருள் செயற்கையாகச் சாய்க்கும் தமிழ் எழுத்து பெரும்பாலும் விகாரமாகவே இருக்கும். மேலே இகர ஈகாரச் சுழிகளும் கீழே உகர ஊகாரக் குறிகளும் வருவதால், ஆங்கிலத்தில் 10 புள்ளி (பாயின்ட் என்ற எழுத்தளவு) எழுத்துக்குப் போதுமான 12 புள்ளி வரி இடைவெளி தமிழில் மூச்சுமுட்டும். நான் 15 புள்ளியில் தொடங்கி, எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டியோ குறைத்தோ கொள்கிறேன். சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்திகளில் இருபக்கமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். அங்கே இடப்பக்கம் மட்டும் நேராக விடுவதே மேல். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டு அச்சாகிவிட்ட பதாகைகளைப் பலரும் பார்த்திருப்போம். பெரும்பாலும் அது எழுத்துருவின் குறையாக இருக்காது. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனிலும் ஃபோட்டோஷாப்பிலும், எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் தெற்காசிய உரைப்பொறியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால் வருவது. தேர்வை மாற்றினால் அடுத்த நொடியில் சரியாகிவிடும்.

அடுத்ததாக, வேலையில் எனக்குச் சோறு போட்டது என்று தயங்காமல் சொல்லக்கூடியது கிரிட்டீக் வகுப்பு. அவரவர் வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு, எல்லோரும் சுற்றி நின்று பேசும் வகுப்பு அது. எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் இதற்குக் கடுமையான ஒழுங்கு ஒன்றை வைத்திருந்தார். பேசுகிறவர் முதலில் தனக்கு எது தெரிகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற சொற்களுக்கு இடமில்லை. செய்தவர் அதுவரை வாய்திறக்கக் கூடாது. எல்லோரும் பேசி முடித்த பிறகு, அவர் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாத இடத்தில் பென்சிலால் ஒரு சிறிய வட்டம் போட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். திட்டு எதுவும் கிடையாது. அந்த வட்டங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, ஒரு கோட்டை வரைவதற்கு முன் அது எதற்கு என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ளத் தொடங்கினோம்.

மருந்துப் பெட்டிகள் செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரே மருந்தின் இரண்டு அளவுகள், 5 மி.கி., 50 மி.கி., ஒரே வரிசையாக வெளிவர இருந்தன. இரண்டு பெட்டிகளும் ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும் என்பது விற்பனைப் பிரிவின் எதிர்பார்ப்பு. ஆகவே ஒரே நீலப்பட்டை, ஒரே இடத்தில் ஒரே அளவில் மருந்தின் பெயர், கீழ் மூலையில் சிறிய எழுத்தில் மருந்தளவு என்று வரைவு முடிவாகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பெட்டிதான். அருகருகே வைத்தால்தான் சிக்கல்: எட்டி நின்று பார்க்கும் ஒருவருக்கு இரண்டுக்கும் இடையே ஒரு பூஜ்யம் மட்டுமே வேறுபாடு. இது அழகாக இல்லை என்று நான் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அழகைப் பற்றி அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு கருத்து இருந்தது. மாதிரிப் பெட்டிகளைச் செய்து, கிடங்கில் அடுக்குவது போலவே ஒரு தட்டில் கலந்து அடுக்கி, மங்கலான வெளிச்சத்தில் 5 மி.கி. பெட்டிகளை மட்டும் எடுத்துத் தரும்படி அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர்களைக் கேட்டோம். அவர்கள் தடுமாறுவதை விற்பனைப் பிரிவினரும் கூட நின்று பார்த்தார்கள். அதன் பிறகு பேச்சு, வடிவமைப்பாளரின் ரசனை பற்றியதாக இல்லாமல், தவறான பெட்டி நோயாளியின் கைக்குப் போவது பற்றியதாக மாறியது.

மருந்தளவு முன்பக்கத்தில் பெரிதாக வந்தது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் வந்தது. நிறம் மட்டும் போதாது என்பதையும் வலியுறுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் சிவப்பு, பச்சை வேறுபாட்டைப் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்கள் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் மட்டும் ஏறத்தாழ 8 விழுக்காடு இருக்கிறார்கள். ஆகவே நிறப்பட்டையின் வடிவத்தையும் மாற்றினோம். 5.0 என்று எழுதக் கூடாது என்பதும் அப்போது சேர்ந்த குறிப்புதான். புள்ளி மங்கி அச்சானால் அது 50 ஆகிவிடும் என்பதால், மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யத்தைத் தவிர்க்கச் சொல்கின்றன. நாங்கள் கேட்ட எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கவில்லை. நீலப்பட்டையை விட்டுக்கொடுக்கவே மாட்டோம் என்றார்கள், அது பெட்டியின் மேல் விளிம்புக்குப் போனது. அதில் எனக்குப் பெரிய குறையும் இல்லை.

வடிவமைப்பு வரலாறு, கோட்பாடு என்ற பெயரில் நடந்த வகுப்புகளில் பாதி தூக்கத்தில் போயின என்றாலும், அவற்றில் விவாதித்த சில எடுத்துக்காட்டுகள் இன்றும் வேலைக்கு வருகின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டம் பயன்படுத்திய வாக்குச்சீட்டு அவற்றில் ஒன்று. முதியோருக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், வேட்பாளர் பெயர்களை எதிரெதிர் இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டு, துளையிட வேண்டிய இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோரின் பெயருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த வேறொரு வேட்பாளருக்கு உரியது. அந்த மாநிலத்தின் இறுதி வாக்கு வித்தியாசம் 537தான் என்பதை நினைத்தால் அந்தத் துளைகளின் கனம் தெரியும். படிவங்களை வடிவமைக்கும் போதெல்லாம், ஒரு கேள்வியும் அதற்கான பதில் கட்டமும் பார்வையில் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று முதலில் சரிபார்ப்பது இதனால்தான். திரைகளுக்கு வந்த பிறகு இதே வகையான அக்கறை எண்களாகவே கிடைக்கிறது: பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின் இடைநிலைத் தரம், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டையும் பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பதையும் கேட்கிறது. வெளிர் சாம்பலில் எழுத்து வைத்தால் நாகரிகமாக இருக்கும் என்று வாதாடுகிறவர்களுக்கு முன்னால் இந்த எண்களை எடுத்து வைப்பது எளிது.

அச்சுத் தொழில்நுட்பத்தைக் கல்லூரி மேலோட்டமாகவே தொட்டது. ஓர் அச்சகத்துக்கு அழைத்துப்போய் இயந்திரங்களைக் காட்டிவிட்டுத் திரும்பிவந்தோம். மீதியை வேலைக்குச் சேர்ந்த இடத்தில், பிளேட் என்ற அச்சுத் தகடுகளை எடுப்பவர்களின் பக்கத்தில் நின்றுதான் கற்றேன். படம் 300 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பது தெரிந்தால்தான் எங்கே தளர்த்தலாம் என்பது தெரியும். தகடுகளைக் கொண்டு அச்சிடும் ஆஃப்செட் முறையில் நிறம் சிறு புள்ளிகளாக விழுகிறது. அந்தப் புள்ளி வரிசை அங்குலத்துக்கு 150 என்றால், படத்தில் அதைப் போல இரு மடங்கு விவரம் இருந்தால் போதும் என்ற கணக்கிலிருந்து வந்ததே 300. தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பதாகைக்கு அது தேவையே இல்லை. வெட்டும் கத்தி இம்மி பிசகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்க, நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி விட வேண்டும்.

சிறிய கருப்பு எழுத்தைக் கருப்பு மை ஒன்றில் மட்டும் வைக்க வேண்டும் என்பதற்கும் இத்தகைய காரணம் உண்டு. திரைக்கான கோப்பை அப்படியே அச்சுக்கு மாற்றினால் அந்தக் கருப்பு, சியான் நீலம், மஜெந்தா சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளின் கலவையாகிவிடும்; பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் படியும். பளபளப்பான தாளில்கூட, ஒவ்வொன்றும் 100 விழுக்காடு வரை போகக்கூடிய நான்கு மைகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 300 விழுக்காட்டைத் தாண்டினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும்; செய்தித்தாளில் 240-க்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நடுவில் பின்னடிக்கும் சிற்றேட்டின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். தடித்த அட்டையை அதன் இழையோட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். படிக்கிற காலத்திலேயே ஏதாவது ஓர் அச்சகத்தில் விடுமுறை நாள்களைக் கழிக்க வாய்ப்புக் கிடைத்தால், சம்பளம் இல்லாவிட்டாலும் போவது நல்லது. அங்கே ஒரு மாதத்தில் கண்ணால் பார்ப்பதை வகுப்பறையில் ஓர் ஆண்டு சொன்னாலும் மனத்தில் ஏற்றுவது கடினம்.

கல்லூரி சுத்தமாகச் சொல்லித்தராதவை பணமும் ஆவணங்களும். கல்லூரியில் பிரீஃப் என்பது ஆசிரியர் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பு; யாருக்காக, எதற்காக, எந்த அளவில் என்று எல்லாமே அதில் இருக்கும். வேலையில் வருவது ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது நல்லதாக ஒரு லோகோ வேண்டும் என்ற ஒரு வரி. அதை ஒரு பக்கக் குறிப்பாக மாற்றும் பொறுப்பு நம்முடையது. தனியாக வேலை செய்த காலத்தில் நான் வைத்துக்கொண்ட வழக்கம், கேட்பவரிடம் விசாரித்ததை என் சொற்களில் எழுதி அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வந்த பிறகே பென்சிலை எடுப்பது. யார் பார்க்கப்போகிறார்கள், பார்த்த பின் அவர்கள் என்ன செய்ய வேண்டும், எங்கெல்லாம் இது பயன்படும், முடிவெடுப்பவர் யார் என்பவை அதில் கட்டாயம் இருக்கும். கடைசிக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் பலரும் கேட்பார்கள். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு அதுவரை கண்ணிலேயே படாத ஒரு பங்குதாரர் வந்து வேறு நிறம் கேட்பதைத் தடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

ஒப்பந்தத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். எத்தனை திருத்தச் சுற்றுகள் கட்டணத்தில் அடங்கும், அதற்கு மேல் என்ன விலை, முன்பணம் எவ்வளவு, வேலை பாதியில் கைவிடப்பட்டால் எவ்வளவு தர வேண்டும், பயன்பாட்டு உரிமை எப்போது கைமாறும், மூலக் கோப்புகள் அதில் சேருமா என்பவை எழுத்தில் இருந்தால் நட்பு கெடாது. படைப்பின் பதிப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடும், பணியாளரா வெளியாளா என்பதைப் பொறுத்தும் மாறுவதால், அதை ஊகத்துக்கு விடக் கூடாது. எழுத்துருக்களில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும்: கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் லைசென்ஸும் இணையதளத்தில் ஏற்றும் லைசென்ஸும் பல எழுத்துரு நிறுவனங்களில் தனித்தனி. எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் எழுத்துருக்களை வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பிறர் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் படங்களில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையும் இருக்கிறது என்பதால், இலவசம் என்று கண்ட உடனே எடுத்துப் போட்டுவிட முடியாது. நண்பர் தந்த உரிமமற்ற எழுத்துருவை வைத்துச் செய்த கல்லூரி வேலையைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நிறுவனத்தின் பெயரில் வெளியாகும்போது அதே எழுத்துருவுக்குச் சட்ட அறிவிப்பு வரும்.

என்னோடு படித்தவர்களில் பலர் இன்று வடிவமைப்பாளர் என்ற பதவியில் இல்லை. பாடநூல் தயாரிப்பு, அருங்காட்சியகக் காட்சியமைப்பு, ஆசிரியப் பணி, ஆய்வு நிறுவனத்தில் தரவு விளக்கப்படம் எனப் பிரிந்துபோயிருக்கிறார்கள். படிப்பு வீணாகிவிட்டதாக அவர்களில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

2022இலிருந்து, வாக்கியம் கொடுத்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டதால், இந்தப் படிப்புக்கு இனி எதிர்காலம் உண்டா என்ற கேள்வி ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் வருகிறது. வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம், இணையப் பதிவுக்கு மேலே ஒரு அலங்காரம் என்ற அளவிலான வேலைகள் குறைந்துவிட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் கைப்பழக்கம் பெற்ற வேலைகளும் அவைதான் என்பதால் இழப்பு சிறியதல்ல. மறுபுறம், மேலே சொன்ன மருந்துப் பெட்டி போன்ற வேலையில் படம் என்பது மிகச் சிறிய பகுதி. எந்தத் தவறு யாரைப் பாதிக்கும், எதை முதலில் படிக்க வேண்டும், அச்சில் இது நிற்குமா, இதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்பவற்றுக்குப் பதில் சொல்லி, அந்தப் பதிலுக்குப் பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. நான் பணிக்கு ஆள் எடுக்கும்போதும் இவற்றைத்தான் தேடுகிறேன்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள், எந்தெந்த மென்பொருள் சொல்லித்தருவீர்கள் என்று கேட்பதைவிட, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்களின் வேலையைச் சுவரில் ஒட்டி விவாதிப்பீர்கள் என்று கேட்டுப்பார்க்கலாம். முடிந்தால் அப்படி ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் மட்டும் பேசி, மாணவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தால் வேறு கல்லூரியைப் பார்க்கலாம். எழுத்தமைப்புக்குத் தனிப் பாடம் உண்டா, அச்சகத்தோடு தொடர்பு உண்டா, இறுதியாண்டில் உண்மையான வாடிக்கையாளரோடு வேலை செய்ய விடுகிறார்களா என்பவையும் விசாரிக்க வேண்டியவை. கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மென்பொருளைத் தாங்களே கற்றுக்கொண்டு, தங்களைவிடத் தேர்ந்த நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் இருமுறையாவது ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், கல்லூரி தரும் முக்கியமான பகுதி கிடைத்துவிடும். புகழ்கிறவர்கள் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது.

போர்ட்ஃபோலியோ பற்றி ஒரே ஒரு குறிப்பு. பட்டம் பெற்று வருகிறவர்கள் அனுப்பும் தொகுப்புகளில் முடிந்த படங்கள் வரிசையாக இருக்கும். எதற்காகச் செய்தது, எது கைவிடப்பட்டது என்பது இருக்காது. குறைவான வேலைகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கேட்கப்பட்டது என்ன, முதலில் முயன்ற இரண்டு வழிகள் எவை, அவற்றை ஏன் விட்டோம், கடைசியில் எதைக் கொடுத்தோம் என்று நாலைந்து வரிகள் எழுதியிருந்தால், நேர்காணலில் பேச்சு அங்கிருந்தே தொடங்கும். கைவிட்ட வரைவுகளின் ஸ்கெட்சுகளைப் படம் எடுத்துச் சேர்ப்பது நல்லது. ஆகவே படிக்கும்போதே அவற்றைத் தேதியிட்டு ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.